பழைய பில்டரைக் கையில கொடுங்க

பில்லுல "இன்ஜின் ஆயில் மாற்றப்பட்டது" என்று அச்சடிச்சிருந்தா, அது ஆயில் மாத்தினதுக்குச் சாட்சி இல்லைங்க. பில் அடிச்சதுக்குத்தான் சாட்சி.

வழக்கமா நாத்து, மாடு, வாய்க்கால்னு எழுதுறவன் இன்னைக்கு எதுக்கு ஆயில் கதைக்கு வந்துட்டான்னு நினைக்காதீங்க. எங்க ஊருல இப்ப உழவு மாடு ரெண்டு ஜோடி இருந்தா அதிசயம். சேத்துழவு, புழுதி உழவு, வைக்கோல் கட்டு ஏத்துறது, உர மூட்டை கொண்டாறது எல்லாமே டிராக்டர்தான். அதனால மாட்டைப் பத்தி எழுதுறவன் டிராக்டரைப் பத்தியும் எழுதித்தான் ஆகணும். உங்களுக்கு அது காரா இருக்கும், பைக்கா இருக்கும். சர்வீஸுக்கு விடுற இடத்துல நம்ம நிலைமை ஒண்ணுதான். காலையில சாவியைக் கொடுக்கிறோம். சாயந்திரம் வண்டியைக் கழுவித் துடைச்சு பளபளன்னு நிறுத்தியிருப்பாங்க. கூடவே ஒரு பில்லு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது.

கடையில முடி வெட்டிக்கிட்டா கண்ணாடியில பார்க்கிறோம். வெட்டாமலே வெட்டிட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. டயர் மாத்தினா தெரியும், பேட்டரி மாத்தினா தெரியும். ஆயில் மட்டும்தான் இன்ஜினுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கிடக்கிற சாமான். அதை மாத்தலைன்னாலும் வண்டி அன்னைக்கு நல்லாத்தான் ஓடும். அடுத்த மாசமும் ஓடும். அதுதான் இதுல இருக்கிற வில்லங்கம். அன்னைக்கே வண்டி நின்னு போனா எவனும் ஏமாத்த மாட்டான்.

அந்த ஆயில் உள்ளே என்ன வேலை பார்க்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். உரசுற இடத்துல வழவழப்பு கொடுக்கிறது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல, சூட்டை வாங்கிக்கிட்டு கீழே கொண்டாறது, டீசல் எரிஞ்ச கரியைத் தன்மேல ஏத்திக்கிறது, தேய்ஞ்சு விழுற இரும்புப் பொடியை பில்டருக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறதும் அதுதான். பில்டர் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். அடைச்சுக்கிட்டா இன்ஜின் ஆயில் இல்லாமக் காய்ஞ்சு போகக் கூடாதுன்னு பக்கத்துலயே ஒரு வால்வு வச்சிருப்பாங்க. அது திறந்துக்கும். அதுக்கப்புறம் வடிகட்டாத ஆயில், கரியும் பொடியுமா, நேரா பேரிங்குக்குப் போகும். வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். உள்ளே தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

உங்க வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு. டிராக்டருக்கு மணிக் கணக்கு. புது வண்டிக்கு முதல் ஆயில் 50 மணி நேரத்துல மாத்தணும், அதுக்கப்புறம் எங்க வண்டிக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், புத்தகத்துல போட்டிருக்கிறதுதான் கணக்கு. சேத்துல கேஜ் வீல் மாட்டி உழவு ஓட்டுறப்ப வண்டி ஆமை வேகத்துல போகும். ஆனா இன்ஜின் முழு மூச்சுல இழுத்துக்கிட்டு இருக்கும், அதுவும் விடியக்காலையில இருந்து இருட்டுற வரைக்கும். கோடைப் புழுதி உழவுல தூசி வேற. இந்த வேலைக்குப் பழைய ஆயில் தாங்காது.

எங்க டிராக்டர் எனக்கும் எங்க அண்ணன் மகனுக்கும் பொதுவானது. எனக்கு நாலு ஏக்கர், அவனுக்கு மூணு. அந்த ஏழு ஏக்கருக்காக யாரும் டிராக்டர் வாங்க மாட்டாங்க. ஊருக்கு வாடகை உழவு ஓட்டித்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பேங்க் தவணை கட்டுறோம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தா, அது வந்து சேர்ந்த நாள்ல இருந்து ஒரு மாசம்தான் எங்களுக்குச் சம்பாத்தியம். அந்த ஒரு மாசத்துல இன்ஜின் வேலை வச்சா, மெக்கானிக் செலவோட நிக்காது. அந்தத் தவணையும் போச்சு, உழவுக்குச் சொல்லி வச்சவங்களும் வேற வண்டிக்குப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் திரும்பி வருவாங்கங்கிறதும் நிச்சயமில்லை.

இதுல இன்னொரு முடிச்சு இருக்கு. வாரண்டி காலம் முடியிற வரைக்கும் கம்பெனி டீலர்கிட்டதான் சர்வீஸ் விடணும், புத்தகத்துல முத்திரை வாங்கணும்னு சொல்லியிருப்பாங்க. ப்ரீ சர்வீஸ்னு பேரு, ஆனா கூலி மட்டும்தான் ப்ரீ, ஆயிலுக்கும் பில்டருக்கும் நம்மகிட்டதான் காசு. சரி, கொடுக்கிறோம். நாளைக்கு இன்ஜின் பிடிச்சுக்கிட்டா என்ன நடக்கும்? புத்தகத்தைத் திறந்து பார்ப்பாங்க. "ஆயில் நேரத்துக்கு மாத்தியிருக்கோமே, பில்லு இருக்கே, அப்ப ஓட்டுனதுலதான் கோளாறு"ன்னு சொல்லிடுவாங்க. மாத்தாத ஆயிலுக்கு மாத்தினதா எழுதின பில்லு, நம்ம காசுலயே நமக்கு எதிரா எழுதி வாங்கின சாட்சி ஆயிடும். அதனாலதான் சொல்றேன், இது நாலு லிட்டர் ஆயில் திருட்டு மட்டும்னு நினைச்சு விட்டுடாதீங்க.

எங்க பக்கம் செக்குக்கு எள்ளு கொண்டு போறவங்க யாராச்சும் எள்ளைக் கொட்டிட்டு "சாயந்திரம் வந்து எண்ணெய் வாங்கிக்கிறேன்"னு வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கீங்களா? போக மாட்டாங்க. எள்ளு அரைபட்டு, எண்ணெய் இறங்கி, புண்ணாக்கு வெளியே வர்ற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. செக்குக்காரரோட பேச்சு நடக்கும், வெத்தலை பாக்கு நடக்கும். கண்ணு மட்டும் செக்கு மேலேயே இருக்கும். மாவு மில்லுலயும் அதுதான். தன் அரிசிக்கு முன்னாடி யாரோட மிளகாய் அரைச்சாங்கன்னு பார்க்காம எங்க ஊரு பொம்பளைங்க தூக்கைத் திறக்க மாட்டாங்க. கொள்முதல் நிலையத்துல மூட்டை எடை போடுறப்ப விவசாயி தராசு முள்ளையே பார்த்துக்கிட்டு நிப்பான். பால் சொசைட்டியில ஊத்துறவங்க அளவையும் பார்ப்பாங்க, கருவியில வர்ற நம்பரையும் பார்ப்பாங்க. செக்குக்காரரோ மில்லுக்காரரோ ஒரு நாளும் "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டதில்லை. நம்ம சாமானை நாம பக்கத்துல இருந்து பார்க்கிறது வழக்கம், அவ்வளவுதான்.

இந்த வழக்கம் ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தாண்டினதும் எங்கே போகுதுன்னுதான் எனக்குப் புரியலை. ஏசி, சோபா, டிவி, பேப்பர் கப்புல காபி. "சார் உட்காருங்க, வேலை முடிஞ்சதும் கூப்பிடறோம்." கதவுல போர்டு: "வாடிக்கையாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை." எள்ளுக்கு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தவன், ஏழு லட்ச ரூபாய் வண்டியை விட்டுட்டு காபி குடிச்சுக்கிட்டு இருக்கான். கேட்கக் கூச்சம். நம்ம சட்டையில சேறு, அவங்க சட்டையில இஸ்திரி மடிப்பு. அந்தக் கூச்சத்துலதான் பாதி வியாபாரம் நடக்குது. உங்களுக்கு அது வேற மாதிரி கூச்சமா இருக்கும், "இதுக்குப் போய் சண்டை போடறதா"ன்னு. பலன் ஒண்ணுதான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். எந்தக் கடைன்னு பேரு சொல்லப் போறதில்லை.

மே மாசக் கடைசி. ஹவர் மீட்டர் 748 காட்டுச்சு. 750 சர்வீஸுக்கு விடணும். முதல் நாள் ராத்திரியே நான் ஒரு வேலை செஞ்சேன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிச்ச சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. அதை ஒரு குச்சியில தொட்டு, ஆயில் பில்டர் அடிப்பக்கத்துல ஒரு பொட்டு வச்சேன். இன்ஜினுக்கு அடியில பழைய ஆயிலை வடிக்கிற போல்ட்டு இருக்கும் இல்லையா, அந்த போல்ட்டுலயும் அது உட்கார்ந்திருக்கிற சட்டியிலயும் சேர்த்து ஒரே கோடா இழுத்தேன். போல்ட்டைத் திருப்பினா கோடு உடையும். பில்டரை மாத்தினா பொட்டு பில்டரோட போயிடும். அண்ணன் மகன் சிரிச்சான். "சித்தப்பா, வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டா?"ன்னான்.

மறுநாள் சாயந்திரம் போன் வந்துச்சு, வண்டி ரெடின்னு. போனோம். பில்லுல இன்ஜின் ஆயில் ஏழரை லிட்டர், ஆயில் பில்டர் ஒண்ணு, வாஷர் ஒண்ணு, எல்லாம் சுத்தமா இருந்துச்சு. மூவாயிரத்துச் சொச்சம். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வண்டியைப் பார்க்கிறேன்னு சொன்னேன். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தா அளவு சரியா மேல்கோட்டுல நிக்குது. ஆனா ஆயில் தார் மாதிரி கறுப்பு. சர்வீஸ் அட்வைசர் தம்பி சொன்னார், "ஐயா, டீசல் இன்ஜின்ல புது ஆயில் ஊத்தினதும் கறுத்துடும்."

அந்தத் தம்பி சொன்னதுல பாதி உண்மை. உள்ளே ஒட்டியிருக்கிற பழைய கரியைப் புது ஆயில் கழுவி எடுத்துக்கும், அதனால டீசல் வண்டியில சீக்கிரம் நிறம் மாறும். பத்து மணி நேரம் ஓட்டின பிறகு கறுப்பா இருக்குன்னு யாரையும் திட்டக் கூடாது. ஆனா ஊத்தி வண்டியைக் கொட்டகையில இருந்து வாசலுக்குக் கொண்டாறதுக்குள்ள தாராகாது. வாதம் பண்ணலை. துண்டை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்தேன். அவரையும் குனிஞ்சு பார்க்கச் சொன்னேன். பொட்டு வச்ச இடத்துலயே இருக்கு. கோடும் உடையலை.

அவர் ஒண்ணும் பேசலை. உள்ளே போனார், மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வந்தார். மேனேஜர் மெக்கானிக் பையனைக் கூப்பிட்டு எங்க முன்னாடி சத்தம் போட்டார். இருபத்து ரெண்டு, இருபத்து மூணு வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு. நான் சொன்னேன், "சத்தம் அப்புறம் போட்டுக்கலாங்க, முதல்ல ஆயிலை வடிங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்." நின்னேன். அனுமதி இல்லைங்கிற போர்டை அன்னைக்கு யாரும் ஞாபகப்படுத்தலை. வடிக்கிறப்ப அந்தப் பையன் மெதுவாச் சொன்னான், "பெரியப்பா, இன்னைக்கு மட்டும் எட்டு வண்டி. ரெண்டு பேருதான். சீசன் ஆரம்பிக்கப் போகுதுன்னு எல்லாரும் ஒண்ணா வர்றாங்க. குறைஞ்ச ஆயிலை ஊத்தி லெவல் பண்ணுன்னாங்க, பண்ணேன்."

யார் சொன்னாங்கன்னு நான் கேட்கலை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான். ஆனா ஒண்ணு மட்டும் மேனேஜர்கிட்ட கேட்டேன். ஸ்டோர்ல இருந்து எங்க வண்டி பேருல ஏழரை லிட்டர் ஆயிலும் ஒரு பில்டரும் வெளியே போனதா பில்லு சொல்லுது. எங்க வண்டிக்குள்ள போகலை. அப்ப எந்த வண்டிக்குள்ள போச்சு? அதுக்கு அவர் பதில் சொல்லலை. ஜாப் கார்டுலயே "முதலில் ஆயில் மாற்றப்படவில்லை, வாடிக்கையாளர் முன்னிலையில் மாற்றப்பட்டது"ன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டுதான் காசு கொடுத்தோம்.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. பில்லு எழுதுறவர் வண்டியைத் தொடுறதில்லை. வண்டியைத் தொடுறவன் பில்லைப் பார்க்கிறதில்லை. வாடிக்கையாளர் ரெண்டு பேரையும் பார்க்கிறதில்லை, அட்வைசரை மட்டும்தான் பார்க்கிறார். மூணு பக்கமும் சுவர் வச்சுட்டா நடுவுல எது வேணா காணாமப் போகும். எங்க ஊரு தெருமுனை மெக்கானிக் ஒண்ணும் பெரிய உத்தமர் இல்லைங்க, ஆனா அவர் கடையில சுவரே கிடையாது. புளியமரத்தடியில நம்ம கண்ணு முன்னாடி போல்ட்டைக் கழட்டுறார்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? முதல் காரியம், வண்டியை விடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை ஆயிலைப் பாருங்க. சமதரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, ஒரு பத்து நிமிஷம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால துடைச்சு, திரும்ப முழுசா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்க. அளவு எங்கே நிக்குது, நிறம் எப்படி இருக்குன்னு செல்போன்ல ஒரு போட்டோ. கிலோமீட்டர் காட்டுற மீட்டரையும் ஒரு போட்டோ. திரும்ப எடுக்கிறப்ப காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதையே மறுபடி செய்யுங்க. பெட்ரோல் வண்டின்னா உங்களுக்கு வேலை சுலபம். புது ஆயில் தேன் நிறத்துல இருக்கும், அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. அளவு மேல்கோட்டைத் தாண்டியும் நிக்கக் கூடாது. கூடுதலா ஊத்தினா நல்லதுன்னு சில பேரு நினைக்கிறாங்க, அதுவும் இன்ஜினுக்குக் கெடுதல்தான்.

பொட்டு வைக்கிறதுக்கு மாட்டுக் கொம்பு பெயிண்ட் உங்க வீட்டுல இருக்காது, நகப் பாலிஷ் போதும். பில்டர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கிற வண்டிக்கு இது ஆகும். சில கார்ல அடியில ஒரு தகடு மூடியிருக்கும், எட்டாது. சில வண்டியில பில்டர் தனி டப்பாவா இல்லாம ஒரு கூட்டுக்குள்ள பேப்பரா இருக்கும், அப்ப அந்தக் கூட்டோட போல்ட்டுல பொட்டு வைக்கலாம். சின்ன பைக் சிலதுல பேப்பர் பில்டரே கிடையாது, வலை மட்டும்தான். அந்த வண்டிக்கு "ஆயில் பில்டர்"னு பில்லுல காசு போட்டிருந்தா அதையே கேளுங்க, எந்த பில்டர்னு.

சாவி கொடுக்கிறப்ப ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க: ஆயில் மாத்தணும், பில்டர் மாத்தணும், பழைய பில்டரைத் திருப்பிக் கொடுக்கணும். இந்த மூணாவது வரிதான் முக்கியம். வாயால சொன்னா காத்துல போயிடும். பழசைக் கேட்கிற வாடிக்கையாளர்னு கார்டுல இருந்தா, உள்ளே வேலை பார்க்கிற பையனுக்கும் அது தெரியும். சண்டை இல்லாம பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துடும். பழைய பில்டரைக் கொடுக்கிறப்ப அதுமேல இருக்கிற நம்பரையும் பாருங்க. வேற வண்டி பில்டரை எடுத்துக் கொடுக்கிற கெட்டிக்காரங்களும் இருக்காங்க.

ஆயில் எந்த ரகம்னும் கேட்டுக்குங்க. எங்க டிராக்டருக்கு 15டபிள்யூ40. உங்க வண்டிக்கு எதுன்னு புத்தகத்துல இருக்கும், எத்தனை லிட்டர்ங்கிறதும் இருக்கும். சாதாரண பைக்குக்கு ஒரு லிட்டரை ஒட்டி, சின்ன பெட்ரோல் காருக்கு மூணு லிட்டரை ஒட்டி. அந்த எண்ணையும் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பெரிய டீலர்கள் 210 லிட்டர் பேரல்ல வாங்கி பம்பு வச்சு ஊத்துவாங்க, அங்கே காலி டப்பா கேட்டா இருக்காது. அது தப்பில்லை. எந்த பேரல்னு காட்டச் சொல்லுங்க, காட்டுவாங்க. டப்பாவுல ஊத்தினா உங்க முன்னாடி சீலை உடைக்கச் சொல்லுங்க. காலி டப்பாவை அப்படியே விட்டுட்டு வராதீங்க, கத்தியால ஒரு கீறல் போட்டுட்டு வாங்க. முழு டப்பாவா விட்டா அது வேற எங்கேயோ போய், வேற எதையோ நிரப்பிக்கிட்டு, திரும்ப நமக்கே விலைக்கு வரும்.

ஆயில் வடியிறப்ப நிக்கிறதுல இன்னொரு லாபம் இருக்கு. அதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. மாட்டுச் சாணியைப் பார்த்தே அதுக்கு என்ன நோவுன்னு எங்க அப்பா சொல்லுவார். தண்ணியா போகுதா, கட்டியா போகுதா, செரிக்காத வைக்கோல் இருக்கா, ரத்தம் கலந்திருக்கா. வடியிற பழைய ஆயிலும் அப்படித்தான். பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்தா உள்ளே எங்கேயோ தண்ணி கலக்குது. மெல்லிசா ஓடி டீசல் வாடை அடிச்சா டீசல் இறங்குது. வெயில்ல காட்டினா மினுமினுன்னு பொடி தெரிஞ்சா பேரிங்கு பேசுது. வடிஞ்சது எத்தனை லிட்டர்னு அளந்தா இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்குதுன்னு தெரிஞ்சுடும். இதையெல்லாம் பார்க்க வேண்டியவன் வண்டிக்காரன். சோபாவுல உட்கார்ந்திருந்தா இது ஒண்ணும் தெரியாது.

வடிச்ச ஆயிலுக்கும் விலை உண்டு, தெரிஞ்சுக்குங்க. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்ககிட்டதான் கொடுக்கணும்னு 2016 கழிவு விதி சொல்லுது. எங்க பக்கம் கரையான் ஏறாம இருக்க வேலிக்காலுக்குப் பூசறேன்னு வாங்கிட்டுப் போய், மிச்சத்தை வாய்க்கால் ஓரத்துல கொட்டுறவங்க இருக்காங்க. தயவுபண்ணி அதைச் செய்யாதீங்க. அந்தத் தண்ணிதான் வயலுக்கு வருது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியார் இருக்கார், ஓய்வு பெற்றவர், கார் வச்சிருக்கார். இதையெல்லாம் சொன்னப்ப அவர் கேட்டார், "ஏம்ப்பா, ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றப்ப பக்கத்துல நின்னா பார்க்கிறோம்? நம்பித்தானே விடுறோம்?" நியாயமான கேள்விதான். ஆனா போன வருஷம் அவருக்கே பித்தப்பையில கல்லு எடுத்தாங்க. எடுத்த கல்லை டாக்டர் ஒரு சின்ன டப்பாவுல போட்டு அவரு மகன்கிட்ட காட்டியிருக்கார், அதை வீட்டுக்கே கொண்டாந்து வர்றவங்களுக்கெல்லாம் வாத்தியார் காட்டினார். வயித்தை அறுத்த டாக்டரே எடுத்ததைக் காட்டுறார். போல்ட்டைக் கழட்டுறவங்க பில்டரைக் காட்டுறதுக்கு என்ன? வாத்தியார் சிரிச்சுட்டார்.

பட்டறைக்குள்ள ஆளுங்க நடமாடினா ஆபத்துன்னு டீலர் சொல்றதுல நியாயம் இருக்கு. லிப்ட் இருக்கும், வழுக்கும், மேல இருந்து சாமான் விழும். நான் ஒத்துக்கிறேன். உள்ளே விட முடியாதுன்னா வெளியே காட்டணும், அதுதான் என் கட்சி. கண்ணாடித் தடுப்பு வைக்கட்டும். கேமரா வச்சு டிவியில ஓட விடட்டும், அந்த டிவியில இப்ப சினிமாப் பாட்டுதானே ஓடுது. அதுவும் முடியலைன்னா பழைய பில்டரையும் வாஷரையும் ஒரு பாலிதீன் கவர்ல போட்டு, வண்டி நம்பர் எழுதி, பில்லோட கொடுக்கட்டும். டிப்ஸ்டிக்கை நம்ம முன்னாடி உருவிக் காட்டிட்டு அப்புறம் காசு வாங்கட்டும். இதுக்குச் செலவு ஒரு கவர், ரெண்டு நிமிஷம். கண்ணாடியில "அடுத்த சர்வீஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டுறதும், மீட்டர்ல எரியிற சர்வீஸ் லைட்டை அணைச்சு விடறதும் எனக்கு வேலை முடிஞ்சதுக்கு அடையாளம் இல்லை. ஆயிலைத் தொடாமலே ரெண்டையும் செய்யலாம்.

உங்கள்ல நிறைய பேரு வீட்டு வாசல்லயே வண்டியை எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து விடுறவங்ககிட்ட கொடுக்கிறீங்க. ஆபீஸ் போற அவசரம், புரியுது. அப்பவும் போட்டோ எடுத்துட்டு சாவி கொடுங்க. வண்டி வந்ததும் டிரைவர் நிக்கிறப்பவே டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. பணத்தை முன்கூட்டியே செல்போன்ல அனுப்பிட்டா பிறகு கேள்விக்கு மரியாதை இல்லை.

மீறி நடந்துட்டா, முதல்ல எழுத்துல கொடுங்க, டீலருக்கும் கம்பெனிக்கும். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு யாரு வேணா கூப்பிடலாம். அதுலயும் சரியாகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டத்துல, கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில்லே தர மாட்டேன்னு சொல்றதும் அந்தச் சட்டத்துல தப்புதான். டிராக்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: "நீ வாடகைக்கு ஓட்டுற, அதனால நீ நுகர்வோர் இல்லை"ன்னு சில இடத்துல மிரட்டுவாங்க. சொந்த உழைப்புல பிழைப்புக்காக மட்டும் வச்சிருக்கிற வண்டி வியாபாரக் கணக்குல வராதுன்னு சட்டமே சொல்லுது. ஆனா இதெல்லாம் கடைசி வழி. நடவு நேரத்துல ஆணையத்துக்கு அலைய எவனுக்கு நேரம் இருக்கு? முன்னாடியே ஒரு பொட்டு வச்சுட்டா அந்த அலைச்சல் இல்லை.

இன்னொண்ணு, சீசன் தலைமாட்டுல போகாதீங்க. எல்லாரும் மேக் கடைசியில போறதாலதான் ரெண்டு பேரு எட்டு வண்டி பார்க்கிற நிலைமை. இந்த வருஷம் நாங்க ஏப்ரல்லயே முடிச்சுட்டோம். நகரத்துல தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முதல் நாள் சர்வீஸ் விடுறவங்களும் இதே தப்பைத்தான் செய்யறாங்க.

அதே கடைக்குத்தான் இப்பவும் போறோம், வாரண்டி இன்னும் இருக்கு. இப்பல்லாம் நான் கேட்கிறதுக்கு முன்னாடியே பழைய பில்டர் கவர்ல கட்டி வண்டி சீட்டு மேல இருக்கும். ஏப்ரல்ல போனப்ப எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னார், பக்கத்து ஊரு, எங்க வண்டி மாதிரியே வண்டி. அவருக்குப் பில்லு மட்டும்தான் கொடுத்தாங்க.